ஒரு லப்டொப், ஒரு புரொஜெக்டர், அரைச்சுவர் வகுப்பறை: ஆரம்பப் பிரிவுக் கணிதத்துக்கு ஆசிரியர்களை எப்படித் தயார்படுத்துவது?

படுவான்கரை ஆலோசகர் கேட்டது:

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஆரம்பப் பிரிவுக் கணிதத்துக்கு ஆசிரிய ஆலோசகராக வேலை செய்கிறேன். தரம் 3, 4, 5 படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு வரும் தவணையில் ஆறு அமர்வு நடத்த வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். தலைப்பு: கணித பாடத்தில் தொழினுட்பம்.

கையில் உள்ளது இவ்வளவுதான். பெரும்பாலான பாடசாலைகளில் ஒரு லப்டொப், ஒரு புரொஜெக்டர், இரண்டும் அதிபரின் அலுமாரியில். ஓரிரு இடங்களில் ஸ்மார்ட் போட் உண்டு. சில சிறிய பாடசாலைகளில் ஆசிரியரின் போனைத் தவிர ஒன்றுமே இல்லை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை தாண்டி உள்ளே போகப் போக சிக்னலை நம்பிப் பாடம் திட்டமிட முடியாது. வகுப்பறைகள் அரைச்சுவர்க் கட்டடம், எட்டு மணிக்கே வெயில் உள்ளே வந்துவிடும். ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் கெட்டிக்காரர்கள், பவர்பொயின்ட் ஓரளவு தெரியும், மற்றவை புதிது.

இப்படியான பயிற்சிகளில் இருபது செயலியின் பெயரைக் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். அடுத்த கிழமை வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதைத் தவிர்க்க வேண்டும். எந்த அலகுக்கு எது உண்மையில் உதவும், இணையம் இல்லாமல் எது ஓடும், எங்கே பிழைக்கும் என்று தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

கல்லடி கணிதம் எழுதியது:

சேர், கருவியில் தொடங்காதீர்கள். பிள்ளைகள் விடும் பிழையில் தொடங்குங்கள். முதல் அமர்வுக்கு ஒவ்வொரு ஆசிரியரையும் தன் வகுப்புப் பிள்ளைகளின் கணிதக் கொப்பி ஐந்து கொண்டுவரச் சொல்லுங்கள். லப்டொப் எதையும் திறக்க வேண்டாம். எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று பிரித்து எடுக்கட்டும். பூச்சியம் நடுவில் வரும் கழித்தல், பின்னத்தை ஒப்பிடுதல், மணிக்கூடு பார்த்தல், சுற்றளவையும் பரப்பளவையும் குழப்புதல் ஆகியவை எப்படியும் மேலே வரும். மறுகா ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கருவி, அவ்வளவுதான். எந்தப் பிழைக்கு என்று சொல்ல முடியாத கருவியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

கழித்தலுக்குப் புதிய செயலி எதுவும் தேவையில்லை. பவர்பொயின்ட்டே போதும். 305 − 128 என்பதை எடுத்துக்கொள்வோம்.

அரை சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரம் வரையுங்கள். கன்ட்ரோல் விசையோடு டி-யை அழுத்தினால் அதே சதுரம் இன்னொன்று வரும். பத்துச் சதுரத்தை நெடுக்காக அடுக்கி, எல்லாவற்றையும் தெரிவுசெய்து கன்ட்ரோல் - ஜி அழுத்திக் குழுவாக்குங்கள். இது ஒரு பத்துக் கோல். அந்தக் கோலைப் பத்துத் தரம் பிரதி செய்து பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, அதையும் குழுவாக்குங்கள். இது ஒரு நூற்றுப் பலகை. குழுவுக்குள் குழு இருப்பதுதான் இதன் சூட்சுமம். பலகையைத் தெரிவுசெய்து கன்ட்ரோல் - ஷிஃப்ட் - ஜி அழுத்தினால் அது பத்துக் கோலாகப் பிரியும், நூறு சதுரமாகச் சிதறாது. ஒரு கோலில் அதையே செய்தால் பத்து ஒன்றுகளாகப் பிரியும். 'கடன் வாங்குதல்' என்று நாம் வாயால் சொல்வது பிள்ளையின் கண் முன்னால் நடக்கிறது.

மூன்று பலகை, ஐந்து ஒன்று வையுங்கள். எட்டை எடுக்க ஒன்றுகள் போதாது, பத்துக் கோலும் இல்லை. பலகை ஒன்றைப் பிரிக்க இரண்டு பலகை, பத்துக் கோல். கோல் ஒன்றைப் பிரிக்க இரண்டு பலகை, ஒன்பது கோல், பதினைந்து ஒன்று. இந்த இடத்தில் நிறுத்தி, "இப்பவும் 305 தானா?" என்று கேளுங்கள். பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான். இதைக் கேட்காமல் கடந்தால் வெறும் படம் காட்டியதாகத்தான் முடியும். பிறகு 128-ஐ எடுத்தால் 177.

பிழைக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லைட் ஷோவில் உருவங்களை இழுக்க முடியாது, ஆகவே எடிட் செய்யும் திரையிலேயே பாடத்தை நடத்த வேண்டும். பிரித்தவுடன் பத்துத் துண்டும் தெரிவில் இருக்கும். அப்படியே இழுத்தால் பத்தும் சேர்ந்து ஓடும். முதலில் வெற்றிடத்தில் ஒருதரம் கிளிக் செய்துவிட்டுத்தான் ஒன்றை இழுக்க வேண்டும். குழுவாக இருக்கும் கோலின் மேல் அடுத்தடுத்து இரண்டு தரம் கிளிக் செய்தால் உள்ளே உள்ள ஒரு சதுரம் மட்டும் பிடிபட்டு வெளியே வந்துவிடும். பிள்ளை மவுஸ் பிடிக்கும்போது இது அடிக்கடி நடக்கும், கன்ட்ரோல் - ஸெட் அழுத்தித் திருத்தலாம். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு பிரதியில் மட்டும் பாடம் நடத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாள் பலகை எல்லாம் பிரிந்து கிடக்கும்.

திரைக்கு முந்தி கையால் செய்ய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஈர்க்கைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் வளையம் போட்ட கட்டு, அதில் பத்துக் கட்டைச் சேர்த்த பெரிய கட்டு. பிள்ளை முதலில் ரப்பரைக் கழற்ற வேண்டும், அடுத்துத் திரையில் பிரிக்க வேண்டும், கடைசியில்தான் கொப்பியில் எழுத வேண்டும். உளவியலாளர் புறூனர் சொன்ன செயல், உருவம், குறியீடு என்ற வரிசை பயிற்சிக் கலாசாலையில் எல்லோரும் படித்ததுதான். பாடவேளையில் திரை வெளிச்சமாக இருக்க வேண்டிய நேரம் எட்டுப் பத்து நிமிடம். அதற்கு மேல் போனால் கை வேலை குறைந்துவிடும்.

கல்முனை தரம் 3 எழுதியது:

மேலே சொன்னதற்கு உடன்படுகிறேன், ஆனால் அதற்கும் முந்தி ஒன்று இருக்கிறது: எண்ணின் பெயர். தமிழ்ப் பிள்ளைக்கென்றே உள்ள சிக்கல் இது, வெளிநாட்டுச் செயலி எதுவும் இதைத் தொடாது.

தொண்ணூறு என்ற சொல்லுக்குள் 'நூறு' கேட்கிறது. தொள்ளாயிரத்துக்குள் 'ஆயிரம்' கேட்கிறது. ஆகவே 'தொள்ளாயிரத்து ஒன்பது' என்று சொன்னால் சில பிள்ளைகள் 9009 என்று எழுதுவார்கள். 'இருநூற்று ஐந்து' என்றால் 2005 என்று, கேட்டபடியே இருநூறையும் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவார்கள். இடப்பெறுமானம் விளங்காத பிள்ளைக்கு மேலே உள்ள பலகையும் கோலும் வெறும் பெட்டியாகத்தான் தெரியும்.

இதற்கு மேற்பொருத்தும் அட்டை செய்யுங்கள். பவர்பொயின்ட்டில் ஓர் இலக்கத்துக்கு மூன்று சென்ரிமீற்றர் என்று அகலம் வையுங்கள். 900 எழுதிய அட்டை ஒன்பது சென்ரிமீற்றர், 40 எழுதியது ஆறு, 7 எழுதியது மூன்று. ஒவ்வொன்றும் வேறு நிறம், பின்னணி நிரப்பப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே உள்ள பூச்சியம் தெரியும். மூன்றையும் வலது விளிம்பு சமமாக வைத்து ஒன்றின் மேல் ஒன்று இழுத்து வைத்தால் 947 வரும். 200 மேல் 5-ஐ வைத்தால் 205, நடுப் பூச்சியம் எங்கே இருந்து வந்தது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். சிறிய அட்டை எப்போதும் மேலே நிற்க, அதன் மேல் வலது கிளிக் செய்து 'முன்னால் கொண்டுவா' கட்டளையைக் கொடுத்து வையுங்கள். எல்லா இலக்கமும் ஒரே அகலமாக இருக்கும் எழுத்துருவைப் பாவியுங்கள். இலக்கங்களின் அகலம் மாறினால் அட்டைகள் பொருந்தாது. இதையே பிறிஸ்டல் போட்டில் வெட்டி ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு செட் கொடுக்கலாம்.

போன் மட்டும் உள்ள பாடசாலைக்கு இதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. போனின் ஒலிப்பதிவில் பத்து எண்ணை ஆசிரியர் தன் குரலில் பதியட்டும், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆறு ஏழு செக்கன் இடைவெளி: 90, 900, 99, 909, 990, 80, 800, 808, 205, 250. இரண்டு நிமிடத்துக்குள் முடியும். வகுப்பில் அதை ஒலிக்க விட்டு, பிள்ளைகள் எழுத, ஆசிரியர் வரிசைக்கிடையில் நடந்து யார் எதை எப்படி எழுதுகிறார் என்று பார்க்கலாம். தானே வாசித்தால் அந்தக் கண் கிடைக்காது. வகுப்பில் சத்தம் போதாவிட்டால் சிறிய புளூடூத் ஸ்பீக்கர் காணும். ஆசிரியரின் சொந்த உச்சரிப்பாக இருக்க வேண்டும், நம்ம பக்கத்துப் பேச்சில் பழகிய பிள்ளைக்கு வேறு ஊர்க் குரல் இன்னொரு தடையாகிவிடும்.

அதோடு, யூடியூப்பில் உள்ள தமிழ்க் கணித வீடியோக்கள் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஆனவை. அங்கே முக்கோணம், நாற்கரம் என்பார்கள். நம்முடைய பாடநூலில் முக்கோணி, நாற்பக்கல். இலட்சத்தை அவர்கள் 1,00,000 என்று இரண்டு இலக்கம் விட்டுப் பிரிப்பார்கள், நாங்கள் மூன்று இலக்கமாகப் பிரிக்கிறோம். வீடியோவைக் காட்டும் முந்தி ஆசிரியர் முழுவதையும் ஒருதரம் பார்த்து, எந்தச் சொல் இடறும் என்று குறித்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று சொல்தான் என்றால் ஒலியை நிறுத்திவிட்டுத் தானே பேசி விளக்கலாம். நிறைய என்றால் அந்த வீடியோ வேண்டாம். பாடநூலின் பீடிஎஃப் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாட உள்ளடக்கம் உண்டு. சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிக் கொண்டுபோவது நல்லது.

வயரும் வெளிச்சமும் எழுதியது:

உபகரணப் பக்கத்தை நான் சொல்கிறேன். பயிற்சி நன்றாக நடந்தும் வகுப்பறையில் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வெளிச்சம். அரைச்சுவர்க் கட்டடத்தில் படத்தைப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள். புரொஜெக்டரைக் கிட்டே கொண்டுவந்து படத்தின் அகலத்தை 1.2 மீற்றருக்குள் வைத்தால் அதே விளக்கு பல மடங்கு பளிச்சென்று விழும். அகலம் பாதியானால் பரப்பு நாலில் ஒன்று, வெளிச்சம் நாலு மடங்கு. படம் விழும் சுவர் வெயில் நேரே படாத பக்கமாக இருக்கட்டும். வெள்ளைச் சுவர் இல்லாவிட்டால் டிமைத் தாள் நாலை ஒட்டி வையுங்கள். பளபளப்பான வெள்ளைப் பலகையில் நடுவில் ஒரு கண்கூசும் புள்ளி விழும், புரொஜெக்டரைச் சிறிது பக்கவாட்டில் திருப்பினால் அது பிள்ளைகளின் பார்வையில் இருந்து விலகும். பின்வரிசை ஏழு மீற்றரில் இருந்தால் சுவரில் விழும் எழுத்தின் உயரம் மூன்றரைச் சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. அடிமட்டம் கொண்டுபோய் அளந்தே பாருங்கள்.

விளக்கு உள்ள புரொஜெக்டரை நிறுத்தியவுடன் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. உள்ளே உள்ள விசிறி நிற்கும்வரை விட வேண்டும், சூடு இறங்காமல் நிறுத்தினால் விளக்கின் ஆயுள் குறையும். இதை அலுமாரிக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். பையில் ஐந்து மீற்றர் எக்ஸ்டென்ஷன், வட்ட முள்ளையும் சதுர முள்ளையும் மாற்றும் அடாப்டர், எச்டிஎம்ஐ வயர் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். படம் வராவிட்டால் விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி 'டூப்ளிகேட்' என்பதைத் தெரிவுசெய்வது, முதல் நாளே ஒவ்வொரு ஆசிரியரும் தன் கையால் செய்து பார்க்க வேண்டியது.

போனைக் கமராவாக்கி ஒரு பிள்ளையின் கொப்பியைச் சுவரில் காட்டுவது, என்னைக் கேட்டால், இந்த ஆறு அமர்விலும் அதிகம் பயன் தரக்கூடியது. இதற்கு இணையம் தேவையில்லை, செலவும் இல்லை. செய்முறை: போன் அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற இடத்தில் பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் யூஎஸ்பி டிபகிங்கை இயக்குங்கள். லப்டொப்பில் எஸ்-சி-ஆர்-சி-பி-வை என்ற ஆறு எழுத்துப் பெயருடைய இலவச மென்பொருளைப் போட்டு, வயரால் இணைத்தால் போன் திரை லப்டொப்பில் வரும், அங்கிருந்து புரொஜெக்டருக்கு. மேசைக்கு மேல் 30 முதல் 35 சென்ரிமீற்றர் உயரத்தில் போன் குப்புற நின்றால் ஏ-4 தாள் முழுவதும் அடங்கும். அரை அங்குல பீவீசீ குழாயில் ஒரு நிலைக்கால் செய்யலாம். அவசரத்துக்கு, இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி நடுவில் இரண்டு அடிமட்டத்தைப் பாலமாக வைத்தாலும் சரி.

வேலை செய்யாவிட்டால் முதலில் வயரைப் பாருங்கள். மலிவான வயர் பல சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவு போகாது. படம் தலைகீழாகத் திரும்பிக்கொண்டிருந்தால் தன்னியக்கச் சுழற்சியை நிறுத்துங்கள். பாடம் தொடங்கும் முந்தி விமானப் பயன்முறை போடுவது கட்டாயம், இல்லாவிட்டால் வருகிற வட்ஸ்அப் எல்லாம் சுவரில் தெரியும். முடிந்தபின் யூஎஸ்பி டிபகிங்கை நிறுத்திவிடுவதும் நல்ல பழக்கம், சில வங்கிச் செயலிகள் அது திறந்திருந்தால் வேலை செய்யாது.

அடுத்தது எழுத்துரு. யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பயிற்சித்தாள் இன்னொரு லப்டொப்பிலோ போனிலோ ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறும். இனி அடிப்பதை, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டில் அடியுங்கள். பாமினிக்கு விரல் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு கிட்டத்தட்ட அதே இடங்களில் இருக்கும், புதிதாகப் பழகத் தேவையில்லை. ஏற்கெனவே பாமினியில் உள்ளதைப் பீடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பின்னம் உள்ள தாளையும் எப்போதும் பீடிஎஃப்பாகவே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மேலே உள்ள எண்ணும் கோடும் இடம் மாறிப் போகும்.

பென் டிரைவில் கோப்பெல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டால் ஃபோர்மட் செய்ய ஓட வேண்டாம். அநேகமாக வைரஸ் மூலக் கோப்புகளை மறைத்திருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸை மாற்றி, அவற்றை வேறு இடத்துக்குப் பிரதி செய்து, வைரஸ் சோதனை முடித்தபின் ஃபோர்மட் செய்யலாம்.

சம்மாந்துறை நண்பன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். கல்லடி கணிதம் எழுதியதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். கழித்தலுக்குப் பவர்பொயின்ட் சரி, ஆனால் பின்னத்துக்கும் பரப்பளவுக்கும் அது காணாது. அங்கே எண்ணை மாற்றியவுடன் படமும் தானே மாற வேண்டும், அந்தத் தொடர்பைத்தான் பிள்ளை பார்க்க வேண்டும்.

கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகப்படுத்தல்களை, அதாவது திரையில் நாமே மாற்றிப் பார்க்கக்கூடிய படங்களைப் பாருங்கள். பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம், எல்லாம் இலவசம். நமக்கு வசதி என்னவென்றால் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாக இறக்கலாம், சில மெகாபைட்தான், பிறகு இணையமே தேவையில்லை. மொழிபெயர்ப்புப் பட்டியலில் தமிழும் உண்டு. தமிழாக்கம் கிடைக்காததிலும் திரையில் சொற்கள் மிகக் குறைவு.

பின்னத்தின் பெரிய பிழை, 3 பெரியது என்பதால் ⅓ என்பது ½-ஐ விடப் பெரியது என்று நினைப்பது. 'ஃப்ராக்ஷன்ஸ் இன்ட்ரோ' என்பதைத் திறந்து, தொகுதியெண்ணை 1-இல் வைத்து, பகுதியெண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். துண்டு சிறுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் அம்புக்குறியை அழுத்தும் முந்தி "இனிப் பெரிதாகுமா, சிறிதாகுமா?" என்று கேட்டு, பிள்ளைகள் கொப்பியில் எழுதியபின்தான் அழுத்த வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் பிள்ளைகள் படத்தைப் பார்ப்பார்கள், கணிதத்தைப் பார்க்கமாட்டார்கள். வட்டத்தில் மட்டும் நிற்காமல் செவ்வகத்துக்கும் எண்கோட்டுக்கும் மாற்றுங்கள். வட்டத்தில் மட்டும் பழகிய பிள்ளைக்குப் பின்னம் என்றால் கேக் துண்டு என்றே மனதில் நிற்கும், அது எண்கோட்டில் ஓர் இடம் என்று தெரியாது.

சுற்றளவு, பரப்பளவுக்கு 'ஏரியா பில்டர்'. பன்னிரண்டு சதுரத்தை 3×4 ஆக அடுக்கினால் சுற்றளவு 14. அதே பன்னிரண்டை 2×6 ஆக அடுக்கினால் 16. பரப்பு மாறவில்லை. அளவைக் காட்டும் பெட்டியை முதலில் மூடிவிட்டு, பிள்ளைகள் எண்ணிச் சொன்னபின் திறந்து சரிபாருங்கள். 1×12 ஆக அடுக்கினால் என்ன வரும் என்பதைத் திரையில் காட்ட வேண்டாம், சதுரக் கோட்டுத் தாளில் பிள்ளைகளே வரைந்து 26 என்று கண்டுபிடிக்கட்டும். ஒட்டாமல் தனியே வைக்கும் சதுரத்தைத் திரை திருப்பி அனுப்பிவிடும். அது பழுதில்லை, விளிம்போடு விளிம்பு சேர்ந்திருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் ஆசிரியர்கள் மாட்டுவார்கள். பழைய லப்டொப்பில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் ஓடாது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபொக்ஸ் மூன்றில் ஒன்றில் திறக்க வேண்டும். வட்ஸ்அப்பில் வந்த கோப்பைச் சில போன்களில் நேரே தொட்டால் எச்டிஎம்எல் வியூவர் என்ற ஒன்று திறந்து வெள்ளையாக நிற்கும். கோப்புகள் செயலிக்குப் போய், குரோமில் திற என்று தெரிவுசெய்தால் சரியாகும்.

ஜியோஜீப்ராவைப் பற்றிப் பலர் கேட்பார்கள். கேத்திரகணித உருவங்களை வரையும் நல்ல கருவி, மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் உருவாக்கியது, இறக்கி வைத்தால் இணையமின்றி ஓடும். ஆனால் தரம் 3, 4 ஆசிரியர்களுக்கு இந்தத் தவணையில் அதைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கருவிப்பட்டியைக் கண்டே பயந்துவிடுவார்கள், அங்கே கிடைப்பதில் ஆரம்பப் பிரிவுக்குத் தேவையானது சமச்சீரும் கோணமும்தான். தரம் 6-க்கு மேல் அதன் இடம் வேறு.

படுவான்கரை ஆலோசகர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, நினைத்ததை விட நிறையக் கிடைத்தது. இன்னும் மூன்று விடயம். ஸ்மார்ட் போட் உள்ள இடத்தில் தொட்ட இடத்தில் கோடு விழுவதில்லை என்கிறார்கள். ஆசிரியர் உண்மையில் வகுப்பில் பயன்படுத்துகிறாரா, பிள்ளைக்குப் பயன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது? மணிக்கூட்டுக்கும் யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

வயரும் வெளிச்சமும் எழுதியது:

புரொஜெக்டர் தனியாக உள்ள போட் என்றால், அது சிறிது அசைந்தாலே தொடும் இடமும் படமும் விலகிவிடும். மென்பொருளில் கலிப்ரேஷன் ஓடவிட்டு, காட்டும் குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டால் சரி. மூலையில் பேனையை அழுத்தாமல் நேராகத் தொட வேண்டும். சட்டத்துக்குள் அகச்சிவப்புக் கதிர் ஓடும் வகை என்றால் சோக்குத் தூளும் பூச்சியும் விளிம்பில் படிந்து கதிரை மறைக்கும், உலர்ந்த மெல்லிய துணியால் நான்கு விளிம்பையும் துடையுங்கள். சேலைத் தலைப்போ சட்டைக் கையோ விளிம்பில் பட்டாலும் அதையும் தொட்டதாகவே எடுத்துக்கொள்ளும். ரீச்சர்மார் பலர் போட் பழுது என்று நினைப்பது இதைத்தான்.

கல்லடி கணிதம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு. ஆசிரியர் எத்தனை தரம் புரொஜெக்டர் எடுத்தார் என்று எண்ணாதீர்கள், அந்த எண் ஒன்றும் சொல்லாது. பாடத்துக்கு முந்தி ஒரு கணக்கு, இரண்டு கிழமை கழித்து அதே வகையில் இன்னொன்று. எக்செல்லில் பிள்ளையின் சுட்டெண், விடை என்று இரண்டே நிரல். சரியா பிழையா என்று 1, 0 போட வேண்டாம், பிள்ளை எழுதிய விடையையே போடுங்கள். 305 − 128-க்கு 223 என்று எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரியதில் இருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 187 என்று எழுதிய பிள்ளை நூறைப் பிரித்திருக்கிறது, ஆனால் பத்துக் கோலில் ஒன்றைக் கொடுத்தபின் ஒன்பதாகக் குறைக்கவில்லை. 127 என்றால் நூறில் இருந்து நேரே ஒன்றுகளுக்குக் கடன் வாங்கி, பத்தினிடத்தில் 0-இல் இருந்து 2 போகாது என்பதால் 2 என்றே எழுதியிருக்கிறது. விடை நிரலை ஃபில்டர் செய்தால் வகுப்பு மூன்று குழுவாகப் பிரிந்து நிற்கும். 223 குழுவுக்கு ஈர்க்குக் கட்டில் இருந்து தொடங்க வேண்டும், 187 குழுவுக்குத் திரையில் பிரித்து எண்ணிக் காட்டினால் போதும். மூன்று குழுவுக்கும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்துவது நேர விரயம்.

மீள்பயிற்சித் தாளையும் எக்செல்லே தரும். நூறு, பத்து, ஒன்று ஒவ்வொன்றையும் தனிக் கட்டத்தில் வைத்து, நாம் சொல்லும் இரண்டு எண்ணுக்கிடையில் ஏதோ ஒன்றைத் தானே எடுக்கும் ரேண்ட்பிட்வீன் சூத்திரத்தைக் கொடுங்கள். மேல் எண்ணின் ஒன்றினிடம் 0 முதல் 4, கீழ் எண்ணின் ஒன்றினிடம் 5 முதல் 9 என்றால் எல்லாக் கணக்கிலும் கடன் வாங்க வேண்டிவரும். நடுவில் பூச்சியம் வேண்டுமென்றால் மேல் எண்ணின் பத்தினிடத்தில் 0 என்றே அடித்துவிடுங்கள். நூறினிடம் மேலே 5 முதல் 9, கீழே 1 முதல் 4. கோப்பில் எதைத் தொட்டாலும் எண்கள் மாறிக்கொண்டிருக்கும், ஆகவே அச்சிடும் முந்தி பிரதி செய்து பெறுமானமாக மட்டும் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் விடைத்தாள் ஒன்று, வினாத்தாள் வேறொன்றாகிவிடும்.

அமர்வைப் பற்றியும் சொல்கிறேன். ஆறையும் மண்டபத்தில் வைக்க வேண்டாம். முதலாவது கொப்பி பார்ப்பது. அடுத்த இரண்டில் பலகையும் கோலும், அட்டையும் ஒலிப்பதிவும். நாலாவதையும் ஐந்தாவதையும் ஆசிரியரின் வகுப்பறையிலேயே வையுங்கள், பாடத்துக்கு முந்தி பதினைந்து நிமிடம் வயரெல்லாம் பூட்டிப் பார்த்து, பாடம் பார்த்து, பிறகு பதினைந்து நிமிடம் பேசுவது. போன் கமராவையும் அங்கேயே பழக்கலாம். ஆறாவதில் பின்னம், பரப்பளவு. எல்லா அமர்விலும் ஒரே விதி: இரண்டு ஆசிரியருக்கு ஒரு லப்டொப், மவுஸ் அவர்கள் கையில். நீங்கள் ஒருதரம் வாங்கிச் செய்து கொடுத்தால், அந்த இடத்தை அவர் வகுப்பில் மறந்துவிடுவார்.

கல்முனை தரம் 3 எழுதியது:

மணிக்கூட்டுக்கு. இணையத்தில் கிடைக்கும் பவர்பொயின்ட் மணிக்கூடுகள் பலவற்றில் நிமிட முள்ளைத் திருப்பினால் மணி முள் அப்படியே நிற்கும். 3.30-க்கு மணி முள் மூன்றிலேயே நிற்பதைப் பார்த்த பிள்ளை பிழையைத்தான் படிக்கும். ஆகவே நீங்களே செய்யுங்கள்.

உருவத்தைச் சுழற்றினால் அது தன் நடுவைச் சுற்றித்தான் சுழலும், முள்ளோ அடியில் இருந்து சுழல வேண்டும். இதற்கு முள்ளைப் பிரதி செய்து, அதே நீளத்தில் கீழ்நோக்கி நேர்கோட்டில் ஒட்டி, கீழ்ப் பாதியின் நிறத்தையும் கோட்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டையும் குழுவாக்கினால் நடுப்புள்ளி மணிக்கூட்டின் மையத்தில் விழும், கண்ணுக்குத் தெரிவது மேல் பாதி மட்டும். இனி உருவ அமைப்பில் சுழற்சிக் கோணத்தை எண்ணாகவே கொடுக்கலாம். நிமிட முள்ளுக்கு ஒரு நிமிடம் 6 பாகை. மணி முள்ளுக்கு ஒரு மணித்தியாலம் 30 பாகை, ஒரு நிமிடத்துக்கு அரைப் பாகை. 3.30 என்றால் நிமிட முள் 180, மணி முள் 105. 9.45 என்றால் நிமிட முள் 270, மணி முள் 292.5.

ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு ஸ்லைட் வைத்து, முதல் ஸ்லைட்டில் நிமிட முள்ளை மறைத்துவிட்டு மணி முள்ளை மட்டும் காட்டுங்கள். "இப்ப ஏறக்குறைய எத்தனை மணி?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் நாலுக்கும் சரி நடுவில் நிற்கிறது, ஆகவே மூன்றரை என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். நிமிட முள்ளை அதற்குப் பிறகு காட்டினால் போதும்.